நாலு சக்கரமும் இழுக்கும், சரி... நிறுத்துவது எது? - போடிமெட்டு ஜீப்புகளும் யாரும் குனிந்து பார்க்காத டயர்களும்

ஏலக்காய் மலைக்கு ஜீப்புதான் சரி என்பதில் போடிநாயக்கனூரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. முந்தலில் தொடங்கும் மலைப்பாதை போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்கள். தார் ரோடு முடிகிற இடத்தில் எஸ்டேட் ரோடு ஆரம்பிக்கும். ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. செம்மண், உருட்டுக் கல், மழை பெய்தால் சேறு. அதில் கார் போகாது. பஸ் போகவே போகாது.

விடியும் முன்பே போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் தோட்ட வேலைக்குப் பெண்கள் கிளம்புவதும் இந்த ஜீப்புகளில்தான். சாயங்காலம் திரும்புவதும் அதே ஜீப்பில். இரண்டு நடையும் ஒரே தூரம்தான். ஆனால் ஆபத்து இரண்டிலும் ஒன்றல்ல.

ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம் என்பது பொதுவான நினைப்பு. மலையில் நிஜம் தலைகீழ். ஏறும்போது வண்டிக்கு ஏதாவது ஆனால் அது நிற்கும். இறங்கும்போது ஏதாவது ஆனால் அது நிற்காது. ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்ற பெயர்ப் பலகை உதவுவதெல்லாம் பெரும்பாலும் ஏற்றத்துக்குத்தான். இறக்கத்தில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது வேறு மூன்று விஷயங்கள்: கியர், பிரேக், டயர். அதிலும் கடைசியாகக் கவனிக்கப்படுவது டயர்.

2023 ஆகஸ்ட் 25-ம் தேதி வயநாடு மாவட்டம் மானந்தவாடி அருகே கண்ணோத்துமலையில் தேயிலை பறித்துவிட்டு வீடு திரும்பிய தொழிலாளர்களின் ஜீப் பள்ளத்தில் விழுந்தது. 9 பெண்கள் இறந்தார்கள். அதற்கு எட்டு மாதம் முன்பு, 2022 டிசம்பரில், சபரிமலை போய்விட்டுத் திரும்பிய ஆண்டிபட்டி பகுதி பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து 8 பேர் பலியானார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டுமே வேலையோ வேண்டுதலோ முடிந்து, வீட்டை நோக்கி வந்த பயணங்கள்.

ஃபோர் வீல் என்ன செய்யும், என்ன செய்யாது?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப்பை, 1940-களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்தக் குடும்பத்தின் பேரன்கள்தான் மலையில் ஓடும் மேஜர், கமாண்டர், பிறகு வந்த பொலிரோ, தார் எல்லாம். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பார்க்க ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் ஃபோர் வீல் கிடையாது. கமாண்டரிலும் பொலிரோவிலும் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள் ஏராளம். வண்டிக்குள் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவரோ, டேஷ்போர்டில் ஒரு திருகியோ இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இருக்கிற வண்டிகளிலும் பெரும்பாலானவை ‘பார்ட் டைம்’ வகை. அதாவது சாதாரண நேரத்தில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். தேவைப்படும்போது லீவரைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேரும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. இங்கேதான் சிக்கல். வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் போகும் பாதை நீளமானது, பின்சக்கரம் போகும் பாதை குறைவானது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஏதாவது ஒன்று வழுக்கித்தான் ஆக வேண்டும். சேற்றிலும் மணலிலும் வழுக்கிக்கொள்ளும், பிரச்சினை இல்லை. காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. ஸ்டீயரிங் கனக்கும், டயர் உரசித் தேயும், கியர் பெட்டிக்குள் பற்களில் முறுக்கு ஏறும். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்படியே வந்தால் என்ன ஆகும் என்பதை மெக்கானிக்கிடம் கேட்டால் செலவோடு சேர்த்துச் சொல்வார்.

எனவே கணக்கு இதுதான். தார் ரோட்டில் டூ ஹை. மழையில் குழம்பிக் கிடக்கும் எஸ்டேட் ரோட்டில் ஃபோர் ஹை. செங்குத்தான, கல் புரளும் இடத்தில் ஃபோர் லோ. போடும்போது சக்கரம் சேற்றில் சுழன்று சிக்கிய பிறகு போடுவதல்ல, சேற்றுக்குள் இறங்கும் முன்பே போடுவது. ஃபோர் லோவை வண்டியை நிறுத்தி, அல்லது ஆள் நடக்கும் வேகத்தில் வைத்துத்தான் போட வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் முன்சக்கர ஹப்பையும் இறங்கிக் கையால் திருகிப் பூட்ட வேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டு உள்ளே லீவரை மட்டும் இழுத்தால் ஒன்றும் நடக்காது. ஓட்டுநர் மட்டும் ஃபோர் வீலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

இனி முக்கியமான இடம். ஃபோர் வீல், பிரேக்கின் பலத்தைக் கூட்டாது. எல்லா வண்டியிலும் பிரேக் எப்போதுமே நாலு சக்கரத்துக்கும்தான் பிடிக்கிறது. லாரியோ ஆட்டோவோ கூட எல்லாச் சக்கரத்திலும்தான் நிற்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஈரமான ரோட்டில் மற்ற வண்டிகளைவிட நன்றாகக் கிளம்பும், நன்றாக ஏறும். நிற்பதில் அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் நன்றாக ஏறிய அந்த நம்பிக்கை ஓட்டுநரின் காலில் தங்கிவிடுகிறது. வார விடுமுறைக்கு மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் புது வண்டியில் வருபவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் அதிகம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல் பாதையில் உள்ளூர் ஜீப்பில் உட்கார்ந்து போய் வந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அந்த டிரைவர்கள் வேகமாகப் போவதே இல்லை. பாதையும் விடாது, அனுபவமும் விடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மண் இறக்கத்தில் ஃபோர் லோ போட்டு முதல் கியரில் விட்டால், இன்ஜினின் இழுத்துப் பிடிக்கும் சக்தி நாலு சக்கரத்துக்கும் பிரிந்து போகும். பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்கும் ஆபத்து குறையும். வண்டி தவழ்ந்தபடி இறங்கும். அப்போது கால் பிரேக்கை அழுத்தவே கூடாது என்றில்லை, மெதுவாகத் தொட்டால் போதும் என்ற நிலை வந்துவிடும். பழைய ஜீப்புகளில் ஏ.பி.எஸ். கிடையாது. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் வேலை செய்யாது என்பதை மறக்கக் கூடாது.

ஏழு யூனிட் சூடு எங்கே போகும்?

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள ஜீப், போடிமெட்டிலிருந்து முந்தலை நோக்கி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் ஹீட்டரை ஏழு மணி நேரம் ஓட விட்ட மாதிரி. இது முக்கால் மணி நேரத்துக்குள் எங்காவது போய்த் தீர வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கும். மீதியை வாங்க இரண்டே ஆட்கள்தான்: இன்ஜின் அல்லது பிரேக்.

கீழ் கியரில் இறக்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும், ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். அதற்கென்றே செய்யப்பட்ட யந்திரம் அது. நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்குப் போகும். டிரம் சூடாகும், லைனிங் தன் பிடிப்பை இழக்கும், தீய்ந்த வாசனை வரும். இன்னும் போனால் பிரேக் ஆயில் கொதிக்க ஆரம்பிக்கும். புது ‘டாட் 3’ ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி இருக்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்ட ஆயிலில் அது 140 டிகிரி வாக்கில் இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. குமிழியை அழுத்தலாம், அது அமுங்கும். பிரேக் பிடிக்காது. ‘திடீர்னு பிரேக் போயிருச்சு’ என்று சொல்லப்படும் விபத்துகள் பலவற்றில் பிரேக் திடீரென்று போவதில்லை. பத்து கிலோமீட்டராகப் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

நியூட்ரலில் விடுவதற்கு ஓட்டுநர்கள் சொல்லும் காரணம் டீசல் மிச்சம். அந்தக் கணக்கும் தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. டீசல் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் தானாக ஓட டீசல் வேண்டும். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கல்லாகிவிடும். தர்மபுரி தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் வந்த லாரிகளால் எத்தனை குடும்பங்கள் போயின என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். நீலகிரியில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 வளைவு கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கவே அனுமதி இல்லை. ஏறி வரலாம், இறங்கக் கூடாது. மலை எந்தப் பக்கம் ஆபத்து என்பதை ஒரு மாவட்ட நிர்வாகமே ஒப்புக்கொண்ட தடை அது.

பழைய டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல இறங்கு. இதைவிட நல்ல பாடம் எந்த டிரைவிங் ஸ்கூலிலும் கிடையாது. கூடவே, குறுகிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் எந்த வண்டி பெரிதோ அதற்கு வழி.

டயரைப் படிக்கத் தெரியுமா?

வண்டி என்னதான் கனமாக இருந்தாலும், ரோட்டைத் தொடுவது நாலு இடத்தில், ஒவ்வொன்றும் விரித்த கை அளவு. பிரேக்கோ இன்ஜினோ கொடுக்கும் பிடிப்பு எல்லாம் அந்த நாலு கையளவு ரப்பர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். அது மொட்டையாக இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94-வது விதி, கார், ஜீப் போன்ற வண்டிகளின் டயரில் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அவ்வளவுதான். ஆனால் 1.6 என்பது சட்டத்தின் எல்லை, மலையின் எல்லை அல்ல. மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்கள். பாதி தேய்ந்ததுமே ஈர ரோட்டுப் பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும்.

இங்கே பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏலக்காய்ப் பறிப்பு ஆடி, ஆவணியில் சூடு பிடித்து தை வரை சுற்றுச் சுற்றாகப் போகும். அந்த மாதங்களில்தான் ஜீப்புக்கு நடை அதிகம். மேலே தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்தால் போடிச் சரிவில் வடகிழக்குப் பருவமழை. அதாவது ஆட்கள் அதிகமாகப் போகும் மாதங்களும் ரோடு அதிகமாக வழுக்கும் மாதங்களும் ஒன்றே. டயர் மாற்ற நல்ல நேரம் எது என்று கேட்டால் பதில் ஆனி மாதம். கையில் காசு வரும் நேரம் எது என்று கேட்டால் சீசன் முடிந்த பிறகு. இந்த இடைவெளியில்தான் மொட்டை டயர்கள் ஓடுகின்றன.

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அலங்காரமல்ல. ‘215/75 ஆர் 15’ என்பது மாதிரி அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அது 100 என்றால் அந்த ஒரு டயர் 800 கிலோ தாங்கும். நாலு டயருக்கு 3,200 கிலோ, தாராளம் போலத் தோன்றும். ஆனால் அது சரியான காற்று இருக்கும்போது. இறக்கத்தில் பிரேக் மிதித்தால் எடை முன்னால் சாய்கிறது. வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டும் சேர்ந்து நடக்கும். அந்த ஒரு நொடியில் முன்பக்க வெளி டயர் ஒன்று தன் பங்கைவிட எவ்வளவோ அதிகம் சுமக்கிறது. வெட்டுப்பட்ட, வீங்கிய டயர் அங்கே இருந்தால் வெடிப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அதே சுவரில் ‘டாட்’ எழுத்துகளோடு முடியும் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். இந்த விதியில் முதலில் மாட்டுவது ஸ்டெப்னிதான். ஜீப்பின் பின்னால் வெயிலிலும் மழையிலும் தொங்கிக்கொண்டே கிழவனாகியிருக்கும். பட்டன் மட்டும் புதுசு.

காற்று விஷயத்தில் ஒரு சுவாரசியம். கீழே போடியில் பிடித்த காற்று மேலே போனால் என்ன ஆகும்? மேலே குளிர், 12 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. இறங்கும். ஆனால் ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் மீட்டர் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். ஒன்றை ஒன்று கிட்டத்தட்டச் சரிக்கட்டிவிடும். ஆக, மலைக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஆள் நிறைந்த வண்டிக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ, அதைக் காலையில் வண்டி ஓடும் முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் போதும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது பெரிய தப்பு. காற்று குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும், உள்ளே சூடேறும், நூல் பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது.

சேற்றில் பிடிப்பு கிடைக்கக் காற்றைக் குறைப்பது உலகம் முழுக்க ஆஃப் ரோடு ஓட்டுபவர்கள் செய்கிற வழக்கம். தப்பில்லை, ஆனால் அவர்கள் கையில் கம்ப்ரசர் வைத்திருப்பார்கள். எஸ்டேட் ரோட்டில் இறக்கிய காற்றோடு அப்படியே தார் ரோட்டுக்கு வந்து 17 வளைவும் இறங்குவது அந்த வழக்கத்தில் சேராது. பெரிய பெரிய கட்டை பட்டன் டயருக்கும் இதே பேச்சு. சேற்றுக்கு அது ராஜா. ஈரமான தாரில், பட்டனுக்கு நடுவே இடைவெளி அதிகம், ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு, எனவே பிடிப்பும் குறைவு. ஒரே நடையில் இரண்டு ரோட்டையும் பார்க்கும் போடி ஜீப்புக்கு நடுத்தரமான ‘ஆல் டெர்ரெயின்’ டயரே பொருத்தம். பார்க்க அவ்வளவு மிடுக்கு இல்லைதான்.

ரீட்ரெட் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கெட்ட வார்த்தையாக்க வேண்டியதில்லை. அரசு பஸ்களே ரீட்ரெட் டயரில்தான் பெருமளவு ஓடுகின்றன. மேலே ஒட்டும் ரப்பர் அல்ல, கீழே இருக்கும் பழைய கூடுதான் கேள்வி. எஸ்டேட் கல்லில் பக்கச் சுவர் கிழிபட்ட கூட்டுக்குப் புது ரப்பர் ஒட்டுவது, உளுத்த விட்டத்துக்குப் பெயின்ட் அடிக்கிற கதை. முன்சக்கரத்துக்கு ரீட்ரெட் வேண்டாம் என்பது பாதுகாப்பான வழக்கம். ஃபோர் வீல் வண்டியில் இன்னொன்றும் உண்டு. முன்னால் புதுசு, பின்னால் மொட்டை என்று போட்டால் இரண்டின் சுற்றளவும் வேறாகிவிடும். லீவரைப் போட்டதும் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏற ஆரம்பிக்கும். நாலும் ஒரே அளவு, ஒரே வகை, தேய்மானமும் ஏறக்குறைய ஒன்று என்று இருக்க வேண்டும். அதற்குத்தான் எட்டு, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுவது.

அந்தக் கூடுதல் ஆளுக்கு இன்சூரன்ஸ் உண்டா?

இவ்வளவும் டிரைவருக்குத் தெரியாதா? பெரும்பாலும் தெரியும். தினமும் அந்த மலையில் ஏறி இறங்குபவருக்கு வெளியிலிருந்து சொல்லித்தர ஒன்றும் இல்லை. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் ஏற்பாட்டில், ஆள் கூடினால் வருமானம் கூடும், டயர் மாற்றினால் குறையும். அந்தக் கணக்கை மாற்றாமல் டிரைவரை மட்டும் குறை சொல்வது சுலபமான வேலை.

பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் தோராயமாக 500 கிலோ. மேலே பார்த்த 7 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. பின் படியில் தொங்குபவர்களின் எடை பின் அச்சுக்கும் பின்னால் விழுவதால் முன்சக்கரம் இலேசாகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். கூரையில் மூட்டை இருந்தால் கவிழ்வதற்கும் தயார்.

சட்டம் இதற்கு என்ன விலை வைத்திருக்கிறது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194ஏ: கூடுதல் பயணி ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம். கூடவே, கூடுதலாக ஏறியவர்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்யும்வரை வண்டி நகரக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் விடியற்காலை முந்தலில் ஒரு ஜீப்பை நிறுத்தி ஐந்து பெண்களை இறக்கிவிட்டால், அவர்களுக்கு மாற்று வண்டி எது? அன்றைய கூலி போகும். அதனால்தான் சோதனை என்றால் ஜீப்பில் இருப்பவர்களே முகம் சுளிக்கிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் பேருந்து மாநில எல்லை தாண்டி எஸ்டேட் கேட் வரைக்கும் வராது.

இன்சூரன்ஸ் கதை இதைவிட மோசம். இமாச்சலப் பிரதேசத்தில் 42 பேருக்கு அனுமதி பெற்ற பஸ் 90 பேரோடு விபத்துக்குள்ளான வழக்கில், 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு 42 பேர் அளவுக்குத்தான். அந்தத் தொகையை எல்லாருக்கும் விகிதப்படி பிரித்துக்கொடுக்க வேண்டும், மீதிக்கு வண்டி உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு ஜீப் வைத்துப் பிழைக்கும் உரிமையாளரிடம் என்ன இருக்கும்? அதாவது கூடுதலாக ஏறும் ஒவ்வொரு ஆளும் ஆபத்தை மட்டும் கூட்டவில்லை, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் இழப்பீட்டையும் குறைக்கிறார். ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இடம் விடும் பெண்களுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

தோட்ட உரிமையாளருக்கு இதில் பங்கு உண்டா என்றால், உண்டு என்ற திசையில்தான் சட்டம் நகர்கிறது. வேலைக்குப் போகும் வழியில் இறந்த ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயண விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு நிறுவப்பட்டால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வரும் என்று சொன்னது. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் அந்தத் தொடர்புக்கு வெளியே நிற்பதாக வாதாடுவது இனி அவ்வளவு எளிதாக இருக்காது.

போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில் காய் விற்கிறது. காயின் அளவு, நிறம், ஈரம் எல்லாம் பார்த்துப் பார்த்து விலை வைக்கிறார்கள். அந்தக் காயைப் பறித்த கை எந்த டயரில் வந்தது என்று பார்க்க அந்தச் சங்கிலியில் ஒரு ஆள்கூட இல்லை. ஜீப்புக்கு வாடகை பேசும் தோட்டம், வாடகையோடு சேர்த்து ஆள் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பும், சீசனுக்கு முன்பு நாலு டயரும் பிரேக் ஆயிலும் மாற்றிய ரசீதும் கேட்டால் போதும். தலைக்கு என்றில்லாமல் நடைக்கு என்று வாடகை வைத்தால் இன்னும் நல்லது. அடைத்து ஏற்றுவதற்கான ஆசையே அங்கே அடிபட்டுவிடும். கூடும் செலவு ஒரு கிலோ காயின் விலையில் எத்தனை பைசா என்று தோட்டக்காரர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சோதனை நடக்கும் இடமும் நேரமும்கூட மாற வேண்டும். காலையில் கீழே முந்தலில் நிறுத்தி பெர்மிட்டும் ஆர்.சி.யும் பார்ப்பதில், ஏறப் போகும் வண்டிதான் மாட்டும். ஆபத்தான நடை சாயங்காலம் மேலிருந்து கிளம்புகிறது. போடிமெட்டில் இரண்டு மாநிலத்துக்கும் சோதனைச் சாவடி இருக்கிறது. மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு ஆள், கையில் காற்று மீட்டரும் டார்ச் லைட்டுமாக நின்று, இறங்கும் ஒவ்வொரு ஜீப்பின் முன்சக்கரத்தையும் குனிந்து பார்க்க வண்டிக்கு இரண்டு நிமிடம் ஆகும். காற்று குறைந்திருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ள ஒரு கம்ப்ரசர். ஆட்களை இறக்கிவிட வேண்டி வந்தால், அந்த மூன்று மணி நேரம் மட்டும் போடிக்கு இறங்கும் ஒரு அரசு பஸ். அபராதப் புத்தகம்கூட முதல் மாதத்துக்குத் தேவைப்படாது.